கல்லைத் தனியா, தாரைத் தனியா: புளியரைக் குவியலில் செய்து பார்த்த சோதனைகள்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில், மலை ஏறுவதற்குச் சற்று முன்னால் இருக்கிற, ரோடு போடுகிற ஒரு கம்பெனியின் யார்டில் தரப் பரிசோதனை பார்க்கிறவன் நான். யார்டின் பின்பக்கம் ஒரு கறுப்புக் குவியல். ஒரு கிலோமீட்டர் சாலையை மில்லிங் மெஷின் வைத்துச் சுரண்டி எடுத்த சரக்கு அது. ஏழு மீட்டர் அகலம், 40 மி.மீ. ஆழம் என்று கணக்குப் போட்டால் 280 கன மீட்டர், எடையில் சுமார் 650 டன். தார்ச்சாலையில் நூற்றுக்கு நாலரை, ஐந்து பங்கு தார், மீதி எல்லாம் கல்லும் தூளும்தான். அப்படியே பார்த்தாலும் முப்பது டன் தார் அந்தக் குவியலுக்குள் சும்மா கிடக்கிறது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். முதலாளிக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

"கல்லைத் தனியா, தாரைத் தனியா பிரிச்சுக் குடும்வே. ரெண்டையும் புதுசு மாதிரிப் போட்டுக்கிடலாம்" என்றார். அதோடு, "கெமிக்கல் கிமிக்கல் எதுவும் ஓடையில கலக்கக் கூடாது, ஊர்ல சண்டை வந்திரும்" என்றும் சொன்னார். சொல்ல எளிது. அந்த ரெண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊர்ச் சண்டை என்பது சும்மா பேச்சில்லை. புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டி இங்கிருந்து ஜல்லியும் எம்.சாண்டும் கேரளா போகிறது, அந்தப் பக்கத்திலிருந்து திரும்புகிற சில லாரிகளில் குப்பை வந்து இறங்குகிறது. இந்தக் கோபம் இங்கே எல்லாருக்கும் உண்டு. எங்கள் குவியலைப் பார்த்துவிட்டு ரெண்டு பேர் நேராக ஆபீஸுக்குள் வந்து, "என்ன அண்ணாச்சி, கேரளாக் கழிவா?" என்று கேட்டார்கள். நம்ம ரோட்டில் சுரண்டினதுதான் என்று காட்டிப் புரியவைக்க அரை நாள் போனது.

அதில் ஒருவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "தாரு விஷம்லா? மழையில கரைஞ்சு கிணத்துக்குள்ள போவாதா?" தமிழில் நாம் ரெண்டு பொருளுக்கும் தார் என்றே சொல்கிறோம். நிலக்கரியைச் சுட்டு எடுக்கிற கரித்தார் வேறு. அதில் புற்றுநோய் தரும் சேர்மங்கள் நிறைய. ஐரோப்பாவில் பழைய சாலைகளில் அது கிடக்கிறது, நெதர்லாந்தில் அப்படிப்பட்ட சாலைக்கழிவை மறுபடி சாலையில் போட விடாமல் சூளையில் சுட்டுத்தான் கல்லை மீட்கிறார்கள். நம் குவியலில் இருப்பது கச்சா எண்ணெயை வடித்த பிறகு அடியில் தங்குகிற பிட்டுமன். அது தண்ணீரில் அவ்வளவு லேசில் கரையாது. கரைந்துவிடும் என்றால் ரோடு போட்டு என்ன பிரயோசனம்? சரி, கரையாது என்று அவரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் அதைத் தண்ணீரில் பிரிக்கப் பார்த்தேன் என்பதுதான் வேடிக்கை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது

பிரிக்கிறதுக்கு முன்னால் சரக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். குவியலின் அடி, நடு, உச்சி என்று பல இடத்தில் தோண்டி எடுத்து, கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு சாம்பிள் தயார் செய்தேன். மேலாக ஒரு மண்வெட்டி அள்ளிக்கொண்டு போய் டெஸ்ட் பண்ணுகிறவர்கள் உண்டு. குவியலில் பெரிய கட்டிகள் உருண்டு அடிக்குப் போய்விடும், மேலே பொடிதான் நிற்கும். அந்த ரிசல்ட்டை நம்பி மிக்ஸ் போட்டால் அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் தாரைப் பிரித்தெடுக்க எல்லாரும் செய்கிற வழி, டிரைகுளோரோஎத்திலீன் ஊற்றி சென்ட்ரிபியூஜ் கிண்ணத்தில் சுற்றுவது. வேலை கச்சிதமாக நடக்கும். 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் கரைசலை வடித்துத் தாரைத் திரும்ப எடுப்பதும் சுலபம். ஆனால் அந்தத் திரவத்தை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பக்கத்து நாற்காலியில் பென்சீனும் உட்கார்ந்திருக்கிறது. புகைப்போக்கி விசிறி சரியாக ஓடாத அறையில் பல வருஷம் இதை மோந்துகொண்டே நின்றவன் நான், தலைவலிக்குக் காரணம் டீ குடிக்காததுதான் என்று நினைத்துக்கொண்டு. இன்னொரு வழி, 538 டிகிரி உலையில் வைத்துத் தாரை எரித்துவிட்டு எடைக் குறைவைப் பார்ப்பது. கரைப்பான் தேவையில்லை, கல்லும் சுத்தமாக வரும். ஆனால் தார் புகையாகிப் போய்விடும், அது எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று பார்க்க முடியாது. அதனால் ஒரே ஒரு தடவை கரைப்பானில் எடுத்து, மிச்ச எல்லா சாம்பிளுக்கும் உலையையே வைத்துக்கொண்டோம்.

வந்தது இதுதான். மொத்தச் சரக்கில் தார் நாலரைக்குக் கொஞ்சம் மேல். அதே சரக்கைச் சலித்துப் பார்த்தால், 10 மி.மீ. சல்லடையில் நிற்கிற பெரிய கல்லில் மூன்று சொச்சம், 4.75 மி.மீ.க்குக் கீழே விழுகிற பொடியில் ஆறுக்கும் மேலே. பொடிக்குப் பரப்பு அதிகம், அதனால் தாரை அதுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. தார் எவ்வளவு இளசு என்று பார்க்க, ஓர் ஊசி அதில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக அளப்போம். பிரித்தெடுத்த தாரில் 25 டிகிரியில் ஊசி இறக்கினால் இருபதைக்கூடத் தொடவில்லை. சாலைக்குப் போடுகிற விஜி 30 ரகத் தார் புதுசாக இருந்தால், தாருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 73 படி குறைந்தது 45 இறங்க வேண்டும். வெயிலும் காற்றும் பட்டு எண்ணெய்ப் பசை குறைந்து, கெட்டிப் பகுதி கூடிவிட்டது. அதாவது முதலாளி கனவில் கண்ட முப்பது டன் தாரும் கிழத்தார். பிரித்து எடுத்தாலும் அப்படியே 'புதுசு மாதிரி' போட முடியாது.

வெந்நீர்த் தொட்டி

தண்ணீரில் பிரிக்கிற யோசனை நானாகக் கண்டுபிடித்ததில்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் தார் கலந்த மணலிலிருந்து 1920களில் கார்ல் கிளார்க் என்பவர் வெந்நீரும் காஸ்டிக் சோடாவும் போட்டுத் தாரைப் பிரித்துக் காட்டினார். அந்த வழியில்தான் அங்கே பெரிய தொழிலே நடக்கிறது. பச்சைத்தண்ணீர், கொஞ்சம் சோடா, கொஞ்சம் சூடு, அவ்வளவுதானே, இதைவிட சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வழி வேறென்ன என்று நினைத்தேன்.

200 லிட்டர் டிரம் ஒன்றை அறுத்து, கீழே விறகு அடுப்பு, மேலே கிரைண்டர் மோட்டாரில் ஒரு கலக்கி. 85 டிகிரித் தண்ணீர், சோடா, முப்பது கிலோ சரக்கு. ரெண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வடித்துப் பார்த்தால் கல் அதே கறுப்பு. பொடி கொஞ்சம் கழன்று தண்ணீர்தான் கறுத்திருந்தது. சோடாவைக் கூட்டினேன், நேரத்தைக் கூட்டினேன். கல்லின் முனைகளில் அங்கங்கே வெள்ளை தெரிந்தது, அதுவும் ஒன்றோடொன்று உரசியதால் வந்தது.

ஏன் என்று யோசித்தபோது புரிந்தது. ஆல்பர்ட்டா மணலில் ஒவ்வொரு மணலையும் சுற்றி இயற்கையாகவே மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கிறது, தார் அதற்கு வெளியேதான். நம் சாலையில் கல்லை 150 டிகிரிக்கு மேல் சுட்டு, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து, அதன் மேனியிலேயே தாரைப் பூசுகிறோம். நடுவில் தண்ணீருக்கு இடமே இல்லை. போதாததற்கு இது மலைச்சாரலில் கிடக்கிற ரோடு என்று, தார் கழன்று வரக் கூடாதென்று ஆன்ட்டி ஸ்டிரிப்பிங் மருந்து வேறு கலந்திருந்தோம். பூசின கல்லை 40 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, 95 சதவீதப் பூச்சு அப்படியே நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். போட்டவனே வந்து கழன்று வா என்றால் அது எப்படி வரும்?

இன்னொரு எரிச்சல்: ஆரியங்காவு தாண்டிக் கேரளாப் பக்கம் போய்ப் பாருங்கள், தென்மேற்குப் பருவமழையும் லாரிச் சக்கரமும் சேர்ந்து இதே வேலையைச் செலவில்லாமல் செய்துகொண்டிருக்கும். குழியில் தண்ணீர் நிற்கும், டயர் அதை அமுக்கித் தாருக்கும் கல்லுக்கும் நடுவே புகுத்தும், மழை முடிகிறபோது வெள்ளை ஜல்லி பல்லைக் காட்டும். நம் பக்கத்து நைஸ், சார்னோகைட் கற்களில் சிலிக்கா அதிகம், அவற்றுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் பிரியம். சுண்ணாம்புக்கல் என்றால் தாரை விடாது. ஆனால் மழைக்கு வருஷக்கணக்கில் நேரம் இருக்கிறது, அமுக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் வண்டி இருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு கிரைண்டர் மோட்டார்.

கழன்றதாவது மேலே மிதந்து வருமா என்றால் அதுவும் இல்லை. தாரின் அடர்த்தி தண்ணீரைவிட ஒரு துளி அதிகம், கிட்டத்தட்ட 1.02. காற்றுக் குமிழ் ஒட்டினால்தான் நுரையோடு மேலே ஏறும். இல்லாவிட்டால் நடுவில் தொங்கும், இல்லை பொடியோடு அடியில் உட்காரும்.

கடைசியில் கையில் இருந்தது ஒரு டிரம் கறுப்புத் தண்ணீர். சோடா கலந்தது, மாவு மாதிரித் தூள் கலந்தது. மூன்று வாரம் மூடி வைத்தும் தெளியவில்லை. ஆல்பர்ட்டாவிலும் இதே கதைதான், அங்கே இந்தக் கழிவுநீர் ஏரி ஏரியாகத் தேங்கிக் கிடக்கிறது. முப்பது கிலோவுக்கு ஒரு டிரம் என்றால் 650 டன்னுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, முதலாளியிடம் காட்டினேன். அவர் ஓடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேண்டாம்வே" என்றார்.

ஆரஞ்சுத் தோலும் தேங்காய் எண்ணெயும்

இதற்கு நடுவில் ஒரு விற்பனையாளர் வந்தார். ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்த கரைப்பான், நூறு சதவீதம் இயற்கை, தாரை வெண்ணெய் மாதிரி உருக்கும் என்றார். லிமோனின் என்பது அதன் பெயர். உண்மையிலேயே உருக்கியது. ஆய்வகமே மிட்டாய்க்கடை மாதிரி மணத்தது, கல் பளிச்சென்று வெளியே வந்தது. எனக்கே ஒரு மணி நேரம் ஆசை வந்துவிட்டது.

பிரச்சினை அதற்குப் பிறகு. லிமோனின் கொதிப்பது 176 டிகிரியில். தாரிலிருந்து அதை முழுக்க வடித்தெடுக்க அவ்வளவு சூடு வேண்டும், அந்தச் சூட்டில் ஏற்கனவே கிழடு தட்டின தார் இன்னும் கெட்டிப்படும். வெற்றிடம் வைத்துக் குறைந்த சூட்டில் வடிக்கலாம், ஆனால் அது யார்டு வேலை இல்லை. கொஞ்சம் உள்ளே தங்கிவிட்டால் ஊசி ஆழமாக இறங்கும், தார் இளசாக இருக்கிறதென்று ரிப்போர்ட் பொய் சொல்லும். அப்புறம், ஐம்பது டிகிரியை ஒட்டியே அதன் ஆவி தீப்பிடிக்கும். ஹாட் மிக்ஸ் பிளான்ட் பர்னர் எரிகிற யார்டில் டன் கணக்கில் இதை வைத்திருக்கிற தைரியம் எனக்கு இல்லை. சின்ன அளவில், ஆய்வகத்தில், டிரைகுளோரோஎத்திலீனுக்குப் பதிலாக, சரி. அந்த ஒரு கேனை அதற்காகவே வாங்கி வைத்துக்கொண்டேன், அந்த அளவுக்கு அவருக்கு நன்றி.

அந்த வாரம் நம்ம பிளான்ட்டில் வேலை பார்க்கிற புனலூர்க்காரத் தம்பி ஒருவன் கையில் தார் ஒட்டிவிட்டது. சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் வாங்கித் தடவித் துடைத்துவிட்டு வந்தான். ரோட்டு வேலையில் இது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு மாதிரித் தட்டியது. தேங்காய் எண்ணெயும் தாரை இளக்குகிறது, ஆனால் ஆவியாகிப் போகாது, தாருக்குள்ளேயே தங்கிவிடும். பிரித்தெடுக்க அது குறை. கிழத்தாரை இளக்க அதுதான் வேண்டும். நாம் கரைப்பானைத் திரும்ப எடுக்கப் படாதபாடு படுகிறோம். உள்ளே தங்கினாலும் கெடுதல் செய்யாத எண்ணெய் என்றால் திரும்ப எடுக்கவே வேண்டாமே. அப்படியானால் தாரையும் கல்லையும் முழுக்கப் பிரிக்கத்தான் வேண்டுமா?

சல்லடை

வேண்டாம் என்பதுதான் நாங்கள் வந்து சேர்ந்த இடம். கல்லிலிருந்து தாரைப் பிரிப்பதற்குப் பதிலாக, தார் குறைந்த கல்லையும் தார் மிகுந்த பொடியையும் பிரித்தால் போதும். அதற்குத் தண்ணீரும் வேண்டாம், கரைப்பானும் வேண்டாம். இம்பாக்ட் கிரஷரில் மெதுவாக ஓட்டிக் கட்டிகளை உடைத்து, 10 மி.மீ., 4.75 மி.மீ. என்று ரெண்டு சல்லடை. கட்டி உடைய வேண்டும், கல் உடையக் கூடாது. வேகத்தைக் கூட்டினால் கல்லும் நொறுங்கி, தார் படாத புதுத் தூள் சேர்ந்துவிடும், அது மிக்ஸைக் கெடுக்கும். கல் மேல் கல் மோதுகிறபோது வெளித்தாரும் அதில் ஒட்டின பொடியும் கொஞ்சம் உரிந்து கீழே விழுகிறது, அது லாபக் கணக்கில்.

முதல் நாள் மத்தியானம் ஓட்டினோம். செங்கோட்டை வெயிலில் சரக்கு இளகி, சல்லடைக் கண்ணெல்லாம் அடைத்து, அரை மணி நேரத்தில் நிறுத்தியாச்சு. மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்தோம். குளிர்ந்த தார் கண்ணாடி மாதிரி உடைகிறது. ஆபரேட்டர் திட்டிக்கொண்டேதான் வந்தார்.

ஈரம் இன்னொரு தலைவலி. ஜூன் பிறந்தால் இங்கே குற்றாலச் சாரல். பெருமழை இல்லை, நாள் முழுக்கத் தூவும், குவியல் குடித்துக்கொண்டே இருக்கும். தார்ப்பாய் போட்டோம், உள்ளே வேர்த்து இன்னும் மோசமானது. பிறகு நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை போட்டு, தரையைக் கொஞ்சம் சரிவாக்கினோம். இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடு என்றால், ஐந்து சதவீத ஈரம் என்றால் டன்னுக்கு 50 கிலோ தண்ணீர். அதைச் சூடேற்றி ஆவியாக்க மட்டும், ஒரு துளி சூடுகூட வீணாகவில்லை என்று வைத்தாலும், மூன்றரை லிட்டர் டீசல் எரிய வேண்டும். பழைய சரக்கை நேரே தீயில் காட்டவும் கூடாது, நீலப்புகை கிளம்பும், தார் எரிந்து போகும். புதுக்கல்லை அதிகமாகச் சுட்டு, மிக்ஸரில் அந்தக் கல் தன் சூட்டைப் பழைய சரக்குக்குக் கொடுக்கிற மாதிரிதான் செய்ய வேண்டும். இருபது சதவீதம் பழைய சரக்கு, கலவை 155 டிகிரியில் வர வேண்டும் என்று கணக்குப் போட்டால், சரக்கு காய்ந்திருந்தால் புதுக்கல் 185ஐ ஒட்டிச் சுட்டால் போதும். மூன்று சதவீத ஈரம் இருந்தாலே 205ஐத் தாண்ட வேண்டியிருக்கிறது. பர்னர்காரரிடம் போய் இந்தக் கணக்கைச் சொன்னால் அவர் சிரிப்பார், ஆனால் அவர் டீசல் அளவுகோலும் அதையேதான் சொன்னது.

பெரிய கல்லை மட்டும் இருபது சதவீதம் சேர்த்து, பழைய தார்ச்சாலைச் சரக்கை மறுபடி பயன்படுத்த இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 120 சொல்கிற வழிமுறையை வைத்து ஒரு டி.பி.எம். (மேல் பூச்சுக்கு அடியில் போடுகிற கெட்டியான தார்க்கலவை) வடிவமைத்து, எங்கள் யார்டுக்கு உள்ளே வருகிற பாதையில் 300 மீட்டர் மார்ச்சில் போட்டோம். கல் ஏற்றின டாரஸ் லாரிகள் தினமும் ஏறி இறங்குகிற பாதை, எனவே சோதனைக்கு நல்ல இடம். நெடுஞ்சாலை வேலையிலேயே போடலாமே என்று முதலாளி கேட்டார். அந்த டெண்டரில் பழைய சரக்குக்கு இடமே கொடுக்கவில்லை. கேட்டுப் பார்த்தோம், எழுத்தில் இல்லாததை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சாரல் ஒன்று முடிந்திருக்கிறது. பள்ளம் விழவில்லை, ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் பிரிந்திருக்கிறது, அது ரோலர் சரியாக ஏறாத இடம். ஒரு மழைக்காலத்தை வைத்து நான் மார்தட்டப் போவதில்லை.

தார்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நூறு கிலோ கலவைக்கு நாலரை கிலோ தார் வேண்டும் என்றால், இருபது கிலோ பெரிய கல்லிலிருந்து வருவது அறுநூறு கிராம். அதே இருபது கிலோ பொடியாக இருந்தால் ஒன்றே கால் கிலோ. அந்தக் கிழத்தார் முழுக்க இளகிப் புதுத்தாரோடு கலக்கும் என்று நம்பினால்தான் இது கணக்கு. இளகாவிட்டால் அது வெறும் கறுப்புக் கல், அவ்வளவே.

இப்போது நிலைமை இப்படி. பெரிய கல்லுக்கு ஆள் வருகிறார்கள். போன வாரம் புனலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர் வந்து ரெண்டு குவியலையும் கையால் அள்ளிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கல்லு மதி. பொடி வேண்டா" என்றார், கல் மட்டும் போதுமாம். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். தார் முழுக்க உட்கார்ந்திருக்கிற குவியல்தான் யாருக்கும் வேண்டாத குவியலாகத் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. அதை இளக்கிப் பார்க்கத்தான், கொல்லத்து முந்திரி ஆலை ஒன்றிலிருந்து ஒரு கேன் முந்திரித் தோட்டெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். கிழத்தாரை இளக்க அதை முயன்று பார்த்தவர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். தோலில் பட்டால் கொப்பளிக்கும் என்பதால் புனலூர்த் தம்பியிடம் கையுறை இல்லாமல் மூடியைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் தாருக்கு ரெண்டு, நாலு, ஆறு சதவீதம் என்று கலந்து ஊசி இறக்கிப் பார்க்கிறோம். அந்தக் கறுப்புத் தண்ணீர் டிரம் இன்னும் மூடியோடு கொட்டகை ஓரத்தில்தான் நிற்கிறது.